அல்லிக் குளத்தைக் காத்த இரண்டு மில்லிமீட்டர் வண்டு

ஓசூர் சாலையோர நர்சரியில் அல்லிச் செடி வாங்கினால், வேர் காயாமல் இருக்கச் சேற்றுநீரோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். பெங்களூர் அருகே சந்தாபுராவில் புதிதாக வீடு கட்டி, வாசல் பக்கம் ஒரு சிமென்ட் தொட்டியை மண்ணில் பதித்து, அதில் அல்லி பூக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் அந்தப் பையை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிடுவார். சில சமயம் அல்லியோடு விரல்நகம் அளவில் நாலைந்து பச்சை இலைகளும் சேர்ந்து மிதக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்துத் தொட்டியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மூடிவிடும். அல்லி இலை அடியில் வெளிச்சமில்லாமல் அழுகிக் கிடக்கும்.

அந்த இலையின் பெயர் சால்வினியா மொலஸ்டா. நீரில் மிதக்கும் பெரணி வகை. 'மொலஸ்டா' என்ற லத்தீன் சொல்லுக்குத் தொல்லை தருவது என்று பொருள். ஓர் இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அதன் சூட்சுமம் புரியும். மேற்பரப்பு முழுக்க வரிசை வரிசையாக நுண்மயிர்கள் இருக்கும். நான்கு நான்காக நுனியில் கூடி, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி போல வளைந்து நிற்கும். மயிரின் உடல் தண்ணீரைத் தள்ளும். நுனி மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இடையில் காற்று மெல்லிய போர்வையாகத் தங்கிவிடும். எத்தனை முறை நீருக்குள் அமுக்கினாலும் இலை நனையாமல் மேலே வருவது அதனால்தான். கீழே வேர் போலத் தொங்குவதும் வேர் அல்ல, உருமாறிய மூன்றாவது இலை.

இந்தச் செடி பெருக விதை வேண்டாம், வித்து வேண்டாம். தண்டில் ஒரு துண்டு உடைந்தால் போதும். வெயிலும் சத்தும் வாய்த்தால் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், ஒற்றைச் செடி இருபது முறை இரட்டித்து அறுபதாம் நாளில் பத்து லட்சத்தைத் தாண்டும். இடமும் சத்தும் தீராத வரை செல்லும் ஏட்டுக் கணக்குதான் இது. ஆனால் வீட்டுத் தொட்டியை மூடப் பத்து லட்சம் தேவையில்லை.

பெங்களூரில் ஓர் அல்லிக் குளத்துக்கு இதே கதி நேர்ந்தது. அது மீண்ட கதை, தோட்டக் குளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

சால்வினியாவின் தாயகம் தென்கிழக்கு பிரேசில். 1939-ல் கொழும்பில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக அது இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1955-ல் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள வேளி ஏரியில் கண்ணில் பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் கேரளத்தின் காயல்களையும் கால்வாய்களையும் நெல்வயல்களையும் மூடத் தொடங்கியது. குட்டநாட்டில் படகு போகும் வழிகள் அடைபட்டன. நாற்று நடுவதற்கு முன் வயலில் இதை அள்ளிப் போடவே விவசாயிகள் தனியாகக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. மக்கள் இதற்கு வைத்த பெயர் 'ஆப்பிரிக்கன் பாயல்'. ஆப்பிரிக்காவின் கரீபா நீர்த்தேக்கத்தை இது மூடிய செய்தி அப்போது உலகெங்கும் பரவியிருந்தது.

ஊர்ப் பெயரில் மட்டுமா பிழை? அறிவியல் பெயரிலும் பிழை இருந்தது. பல ஆண்டுகள் இதைத் தென் அமெரிக்காவின் வேறொரு சால்வினியா என்றே நினைத்தார்கள். ஒரு களையை அடக்க அதன் தாயகத்திலேயே அதைத் தின்னும் பூச்சியைத் தேடுவதுதான் முறை. பெயர் தவறியதால் தேடிய ஊரும் தவறியது. வேறு இனத்தில் வாழும் பூச்சிகளைப் பிடித்து வந்து விட்டார்கள். டிரினிடாடிலிருந்து ஒரு வெட்டுக்கிளி 1974-ல் இந்தியாவுக்கும் வந்தது. கேரளத்தில் சில இடங்களில் அது நிலைத்தது, ஆனால் களை அசையவில்லை. இதற்கிடையே 1972-ல் டி.எஸ். மிட்செல் என்ற தாவரவியலாளர் இது தனி இனம் என்று நிறுவி, மொலஸ்டா என்ற பெயரை இட்டார். 1978-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் உண்மையான தாயகத்தைப் பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தின்றுகொண்டிருந்தது இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கறுப்புக் கூன்வண்டு.

அதுவும் முன்பே தெரிந்த வண்டு என்றுதான் முதலில் நினைத்தார்கள். புதிய இனம் என்று உறுதியாகி 'சிர்ட்டோபேகஸ் சால்வினியே' என்ற பெயர் பெற 1985 வரை ஆனது. அதற்குள் வண்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. 1980-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூண்டாரா ஏரியில் அதை விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் சுமார் 18,000 டன் சால்வினியா அழிந்தது. வளர்ந்த வண்டு குருத்து மொட்டைத் தின்னும். அதன் புழு தண்டுக்குள் குடைந்து போகும். குருத்தும் தண்டும் போனபின் செடி எப்படி இரட்டிக்கும்? பழுத்து, கறுத்து, அடியில் போய் அமிழ்ந்துவிடும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த வண்டு 1982-ல் இந்தியாவுக்கு வந்தது. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே.பி. ஜெயந்த் 1983-84-ல் அதை வெளியில் விட்ட இடம் பெரிய ஏரி அல்ல. பெங்களூரில் சால்வினியா மூடிக் கிடந்த ஓர் அல்லிக் குளம். 11 மாதங்களில் களை சரிந்தது. அதன் அடியில் ஒடுங்கிக் கிடந்த அல்லி மறுபடி துளிர்த்து வளர்ந்தது. கேரளத்திலும் அதே ஆண்டுகளில் வேளாண் பல்கலைக்கழகத்தார் வண்டை விட்டார்கள். மூன்றாண்டு போவதற்குள், கைவிடப்பட்ட கால்வாய்கள் பலவற்றில் மறுபடி படகு ஓடியது. மருந்து தெளிக்கவில்லை, பெரிய எந்திரம் இறக்கவில்லை. செடியின் சரியான பெயர் தெரிந்தது, சரியான பூச்சி கிடைத்தது. அவ்வளவுதான்.

ஆனால் வண்டு எல்லா இடத்திலும் இப்படிப் பலன் தரவில்லை. பப்புவா நியூ கினியில் செபிக் ஆற்றை மூடியிருந்த சால்வினியாவில் வண்டை விட்டபோது அது பெருகவில்லை. இலையில் நைட்ரஜன் சத்துக் குறைவாக இருந்ததுதான் காரணம். ஆய்வாளர்கள் ஒரு பகுதிக்கு யூரியா போட்டார்கள். களைக்கு உரம் போடுவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இலை சத்தாகி, வண்டு பெருகி, அங்கிருந்து பரவிக் களையைத் தின்று தீர்த்தது.

பெங்களூரின் நிலைமை இதற்கு நேர்மாறு. இங்கே நீரில் சத்து பற்றாமல் இல்லை, அளவு கடந்து கிடக்கிறது. அழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே 1936-ல் தனிச் சட்டமே போட வைத்த வெங்காயத்தாமரையை அடக்கவும் 1983 முதல் பெங்களூர் ஏரிகளில் வேறு வகைக் கூன்வண்டுகளை விட்டார்கள். நல்ல பலனும் கிடைத்தது. ஆனால் ஏரிகளில் சாக்கடை நீர் கலக்கக் கலக்க, வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி தழைக்கும் வேகம் முந்திவிடுகிறது. இன்றும் நகரத்து ஏரிகளில் மிதக்கும் பச்சை மூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும்.

சந்தாபுரா ஏரியும் இந்தத் துயரத்தில் பங்காளி. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே எனத் தொழிற்பேட்டைகள் சூழ்ந்த பகுதி இது. சுத்திகரிக்காத கழிவுநீர் ஏரியில் சேர்வதைத் தடுத்து ஏரியைக் காக்கத் தவறியதற்காக, 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இந்தப் பகுதி தென்பெண்ணைப் படுகையைச் சேர்ந்தது. ஓர் ஏரி நிரம்பினால் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி அமைந்த பழைய சங்கிலி. அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. ஆக, சந்தாபுரா வீட்டு வாசலில் இருக்கும் ஆறடித் தொட்டியிலிருந்து ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாயில் வழித்துக் கொட்டும் ஒரு கைப்பிடிச் செடிக்கு எத்தனை ஊர் பயணம் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

இதற்காகக் குளமே வைக்க வேண்டாமா? அப்படி இல்லை. ஏரிகள் கெட்டுக் கிடக்கும் ஊரில் தும்பிக்கும் தவளைக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம் வீட்டுத் தொட்டிதான். அதை முறையாக வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் தண்ணீர். 2024 மார்ச்சில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றியபோது, தோட்டத்துக்கும் நீரூற்றுக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. டேங்கர் தண்ணீரை நம்பி வாழும் பகுதியில் அலங்காரத்துக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனம் வராது. கோடையில் திறந்த நீர்ப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் ஆவியாகும். ஆறடிக்கு நாலடித் தொட்டி என்றால் தினம் ஏறக்குறைய ஒரு குடம். பெங்களூரின் ஆண்டு மழை சுமார் 970 மில்லிமீட்டர்; 1,000 சதுர அடி மொட்டைமாடியிலிருந்து, வீணாவது போக, 70,000 லிட்டராவது சேர்க்கலாம். தோட்டக் குளத்துக்கு மழைநீரே உத்தமம். அடுக்குமாடிகளில் தோட்டத்துக்கு வரும் சுத்திகரித்த கழிவுநீரைக் குளத்தில் விடுவதில் கவனம் வேண்டும். அதில் எஞ்சியிருக்கும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் பாசிக்கு விருந்து.

மண்ணிலும் அப்படித்தான். ரோஜாத் தொட்டிக்குப் போடுவதுபோல் தொழுவுரமும் தேங்காய் நாரும் கலந்து போட்டால் நார் மிதக்கும், உரம் கரையும், ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சையாகும். வெறும் களிமண், மேலே இரண்டு விரல்கடை ஆற்றுமணல் போதும். தண்ணீரைத் தெளிவாக வைக்கும் வேலையைச் செடிகளிடமே விடலாம். அடியில் வேலம்பாசி, ஓரத்தில் வசம்பு, நீர்ப்பிரம்மி, வல்லாரை, நடுவில் அல்லி. பாசிக்குப் போக வேண்டிய சத்தை இவை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று மேல் இலை மூடியிருந்தால் கீழே வெயில் அளவாக விழும். முழுதும் மூடினால் ஆபத்து. இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அல்லி இலை மேல் தண்ணீர் தெறிப்பதை விரும்பாது. அதன் சுவாசத் துளைகள் இலையின் மேல்புறத்தில் இருக்கின்றன. அதனால் நீரூற்றும் அல்லியும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகாது.

தாமரை வைக்க ஆசை என்றால் தனித் தொட்டி கொடுத்துவிடுவது நல்லது. தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம் போலத் தெரிந்தாலும் உறவே கிடையாது. மரபணு வழியில் தாமரைக்கு நெருங்கிய சொந்தம் பிளேன் மரம். தாமரை விதையின் ஓடு கல் போன்றது. உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளிர்மஞ்சள் தெரிந்ததும் நிறுத்தி, தண்ணீரில் போட்டால் சில நாளில் பச்சை முளை வளைந்து வெளிவரும். தேய்க்காமல் போட்டால்? சீனாவில் ஒரு பழைய ஏரிப்படுகையில் கிடைத்த, சுமார் 1,300 ஆண்டு வயதுள்ள தாமரை விதையை ஜேன் ஷென்-மில்லர் என்ற விஞ்ஞானி முளைக்க வைத்தார். அத்தனை பொறுமை அந்த ஓட்டுக்கு. பூவிலும் ஓர் அதிசயம் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து 1996-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியே குளிர் 10 டிகிரிக்கு இறங்கினாலும் தாமரைப் பூ தன் உள்வெப்பத்தை 30 முதல் 36 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறது. பூவுக்குள் வரும் வண்டுகளுக்கு அது கதகதப்பான வீடு. மார்கழிக் குளிரில் தாமரை பூத்திருந்தால், அதிகாலையில் இதழ் நடுவே விரல் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது கொசு. வீட்டில் குளம் என்றதும் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்கும் கேள்வி இது, அது நியாயமான கேள்வியும்கூட. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. கொசு வளர இடம் கொடுக்கும் வீட்டுக்கு நகரத்தில் 400 ரூபாய், கிராமத்தில் 200 ரூபாய் அபராதம் என்றும் விதித்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆனால் அதற்குப் பிடித்த இடம் தின்பார் யாருமில்லாத சிறு தேக்கம்: பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம். நல்ல உயிர்ப்புள்ள குளத்தில் கொசுப்புழு பிழைப்பது கடினம்.

தின்பவர் யார் என்பதில்தான் தேர்வு இருக்கிறது. பலரும் கப்பியும் கம்பூசியாவும் விடுவார்கள். கம்பூசியா 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. 1990-களில் கோலார் மாவட்டக் கிராமங்களின் கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீனை விட்டு மலேரியாவைக் குறைத்த அனுபவம் கர்நாடகத்துக்கு உண்டு. மீன் வெளியேற வழியில்லாத கிணற்றில் அது சரி. வெளியே தப்பினால் நிலைமை வேறு. உலகின் மோசமான 100 அந்நிய இனங்கள் பட்டியலில் கம்பூசியாவுக்கு இடம் உண்டு; தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் அது விட்டுவைக்காது. மீன் வேண்டுமென்றால் நம் மீனையே விடலாமே. கேரளத்தில் 'மானத்துக்கண்ணி' என்பார்கள், வானத்தைப் பார்க்கும் கண்ணுள்ளது என்று. தென்னிந்திய ஓடைகளின் மீன். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே நின்று, கொசுப்புழு மேலே மூச்சு விட வரும்போது கவ்வும்.

மீனே இல்லாத குளம் இன்னும் அழகு. அங்கே தும்பி வரும்.

தும்பியின் இளம்புழு பார்க்க அழுக்குக் குச்சி போல அடியில் கிடக்கும். அதன் கீழுதடு முழங்கை போல மடிந்து முகத்தின் கீழே ஒளிந்திருக்கும். கொசுப்புழு நெளிந்துகொண்டு அருகில் வந்ததும் அந்தக் கை கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு, நுனிக் கொக்கிகளால் பற்றி வாய்க்குள் கொண்டுபோய்விடும். 1980-ல் ரங்கூனில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வீடுகளின் தண்ணீர்ப் பாத்திரங்களில் ஒரு செந்நிறத் தட்டானின் புழுக்களை, வீட்டாரின் ஒத்துழைப்போடு, மழைக்காலத்தில் தொடர்ந்து விட்டுவந்தார்கள். சில வாரங்களில் ஏடிஸ் கொசுப்புழு பெருமளவு குறைந்தது, பின்னால் பறக்கும் கொசுவும் குறைந்தது. அதே இனத் தட்டான் பெங்களூரின் குளக்கரைகளிலும் சாதாரணமாகப் பறக்கிறது. தொட்டியில் நீர்மட்டத்துக்கு மேல் ஓரடி நீட்டி நிற்கும் கோரையோ வசம்போ இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் தேவை. அந்தத் தண்டில் ஏறித்தான் ஒருநாள் விடியலில் புழு தன் முதுகுத் தோலைக் கிழித்துக்கொண்டு, கசங்கிய சிறகோடு தும்பியாக வெளிவரும். காலையில் தண்டில் ஒட்டியிருக்கும் வெற்றுக் கூட்டை எடுத்துக் குழந்தைகளிடம் காட்டுங்கள்.

மழை பிடித்ததும் தவளை தானாகத் தேடி வரும், யாரும் கொண்டுவர வேண்டாம். தொட்டிக்கு மேல் தொங்கும் இலையிலோ சுவரிலோ சோப்பு நுரை போல ஒரு கட்டி ஒட்டியிருந்தால் கழுவிவிடாதீர்கள். அது மரத்தவளையின் கூடு. நுரைக்குள் முட்டை பொரிந்து, சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். பெங்களூரைச் சுற்றி எத்தனை வகைத் தவளை உண்டு என்பதே இன்னும் முழுதாகத் தெரியாது. 2020-ல்கூட நகர்ப்புறத்தின் வறண்ட நிலத்தில் கிடைத்த வளைத் தவளை ஒன்றுக்கு 'ஸ்பைரோதீகா பெங்களூரு' என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள்.

சிமென்ட் தொட்டியின் செங்குத்துச் சுவரில் விழுந்த அணிலும் தேனீயும் ஏறமுடியாமல் சாகும். ஒரு பக்கம் கல்லை அடுக்கிச் சரிவு அமைத்துவிட்டால் பிழைக்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கம்பிவலை கட்டாயம் வேண்டும். தண்ணீர்ப் பாம்பு எட்டிப் பார்த்தால் அடிக்க ஓட வேண்டாம். அதற்கு விஷம் கிடையாது, வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குளம் என்றால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது செடியைக் கழிக்க வேண்டிவரும். அளவு மீறிய மீனும் வரும். மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட கவச உடல் கெளுத்திகள் இன்று தென்னிந்திய நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வேண்டாத மீனை வளர்ப்பவரிடமோ கடையிலோ திருப்பிக் கொடுங்கள். கழித்த செடியை, ஒற்றை இலையானாலும், சாக்கடையில் விடாமல் மொட்டைமாடியில் பரப்பி மூன்று நான்கு நாள் சுள்ளென்று காயவிட்டு, பிறகு உரக்குழியில் போடுங்கள். நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியை வாளியில் வைத்து இரண்டு முறை அலசி, இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் தொட்டியில் இறக்குங்கள். விரல்நகம் அளவில் ரோமம் படர்ந்த பச்சை இலை தெரிந்தால் அன்றைக்கே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.